நாம் தோற்றோம் என்று சொல்பவர்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதில் ஒரு கால்பந்து அணியை விரும்பத் தொடங்கினீர்கள். இந்த ஆறு ஆண்டுகளில் அது பட்டியலின் அடியில் முடிந்து இரண்டு முறை கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. உங்கள் நண்பர்கள் கோப்பை வெல்லும் அணிகளின் சட்டையை அணிந்துகொண்டு உங்களைக் கேலி செய்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஒரே அணியோடு இருப்பவர்கள் வறண்ட ஆண்டுகளை எப்படித் தாங்குகிறார்கள், கடைசியில் வெற்றி வரும்போது அது அத்தனை காத்திருப்புக்கும் ஈடாகிறதா என்று கேட்கிறீர்கள்.

ஈடாகாது. முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட்டை ஆதரிப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். வெற்றி சிறியது என்பதால் அல்ல. ஈடு, வட்டி, பலன் என்று கணக்குப் பார்க்கும் இடமே இது இல்லை என்பதால். நீங்கள் இப்போது செய்வதைக் காத்திருப்பு என்று நினைக்கிறீர்கள். அந்த எண்ணம்தான் உங்களை வாட்டுகிறது என்று எனக்குப் படுகிறது.

என் கதையில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் நியூகாசிலைத் தேர்ந்தெடுத்தது அது வென்றுகொண்டிருந்தபோதுதான். 1996 ஜனவரி. கெவின் கீகன் பயிற்சியாளர். லீக் பட்டியலில் நியூகாசில் பன்னிரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. பந்தைப் பிடித்தால் முன்னால் மட்டுமே ஓடத் தெரிந்த அணி. அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. 1927-க்குப் பிறகு லீக் பட்டம் வெல்லாத கிளப் அது என்பதும், 1955-க்குப் பிறகு உள்நாட்டுக் கோப்பை எதையும் தொடாதது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன், இந்த ஆண்டு நிச்சயம் என்றுதான் நினைத்தேன். ஏப்ரல் 3 அன்று லிவர்பூல் மைதானத்தில் 4-3 என்று தோற்றோம். கடைசி நிமிடங்களில் ஸ்டான் கோலிமோர் அடித்த கோல் அது. கீகன் விளம்பரப் பலகையின் மேல் தலை சாய்த்து நின்ற காட்சி இன்றும் கண்ணில் இருக்கிறது. மே மாதத்தில் மான்செஸ்டர் யுனைடெட் நான்கு புள்ளிகள் வித்தியாசத்தில் பட்டம் வென்றது.

அன்று நான் விலகியிருக்கலாம். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஏன் விலகவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தத் தோல்வி எனக்கு வலித்தது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். நம்முடையதாக இல்லாத ஒன்று அப்படி வலிக்காது. எந்த அணி தோற்றால் உங்களால் அன்றிரவு சாப்பிட உட்கார முடியவில்லையோ, அது உங்கள் அணி. தேர்வு என்பதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

பிறகு வந்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1998-இலும் 1999-இலும் இங்கிலாந்தின் உள்நாட்டுக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப்போட்டிகள், இரண்டிலும் 2-0 என்று தோல்வி. பயிற்சியாளர் பாபி ராப்சனின் நல்ல காலம் வந்து போனது. 2009 மே மாதத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் சொந்த கோலில் 1-0 என்று தோற்றுக் கீழ்ப் பிரிவுக்குப் போனோம். மறுவருடமே மேலே வந்தோம். 2016-இல் மீண்டும் இறங்கினோம்.

அந்த 2016 மே 15-ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஒரு மாலையில் இருக்கிறது. சில நாட்களுக்கு முன்பே எங்கள் தரமிறக்கம் உறுதியாகிவிட்டது. அதுவும் பரம எதிரியான சண்டர்லாந்து, எவர்ட்டனை வென்று தன்னைக் காப்பாற்றிக்கொண்டதால். கடைசி ஆட்டம் டாட்டனம் அணியுடன். அவர்களுக்கு இரண்டாம் இடம் வேண்டும், எங்களுக்கு அந்த ஆட்டத்தில் எதுவும் இல்லை. மைதானம் பாதி காலியாக இருக்கும், இருப்பவர்கள் கூச்சலிட்டுத் திட்டுவார்கள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். மைதானம் நிரம்பியிருந்தது. பத்துப் பேராகக் குறைந்த பிறகும் ஆடி, 5-1 என்று வென்றோம். ஆட்டம் முழுக்க அந்த மக்கள் பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸின் பெயரைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். எங்களை விட்டுப் போய்விடாதே என்ற வேண்டுகோள் அது. ரியல் மாட்ரிட்டுக்குப் பயிற்சி அளித்தவர், ஐரோப்பியக் கோப்பை வென்றவர், இரண்டாம் பிரிவில் தங்க வேண்டிய அவசியமே இல்லாதவர். அவர் தங்கினார். அடுத்த சீசனில் இரண்டாம் பிரிவு ஆட்டங்களைப் பார்க்க சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 51,000 பேர் வந்தார்கள்.

தோற்றுத் தரமிறங்கிய சீசனின் கடைசி நாள். எந்தப் பட்டியலிலும் அதற்கு மதிப்பில்லை. எனக்கோ இந்த முப்பது ஆண்டுகளில் மறக்க முடியாத மூன்று நான்கு நாட்களில் அது ஒன்று. வறண்ட ஆண்டுகள் வறண்டவை என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் கணக்கு. உள்ளே இருப்பவருக்கு அவற்றிலும் ஈரம் இருக்கிறது. இரண்டாம் பிரிவு கிளப்பின் ரசிகர் ஒருவரை உட்காரவைத்து உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டுப் பாருங்கள். உலகம் அறிந்த பெயர் எதையும் சொல்ல மாட்டார். முழங்கால் காயத்தோடு இரண்டு சீசன் ஓடிய ஒரு பின்கள வீரரைச் சொல்வார். சொல்லும்போது அவர் குரல் மாறும்.

காத்திருப்பு என்ற சொல்லை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. அது எனக்கு மிக முக்கியமானது. காத்திருப்பு என்றால், காத்திருந்தது வரும் முன்பே இறந்துபோனவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிவிடுவார்கள். 1955 கோப்பைக்குப் பிறகு பிறந்து, 2025 கோப்பைக்கு முன் இறந்துபோன நியூகாசில் ரசிகர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! நடுவில் 1969-இல் ஓர் ஐரோப்பியக் கோப்பை வந்தது. அதையும் பார்க்கும் வயது வாய்க்காதவர்கள் அவர்களில் பலர். அவர்களுடைய சனிக்கிழமைகள் எல்லாம் வீண் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஜெர்மனியின் யூனியன் பெர்லின் ரசிகர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். பழைய கிழக்கு பெர்லினின் கிளப் அது. காசு எப்போதும் தட்டுப்பாடு. 2004-இல் கிளப்பைக் காப்பாற்ற ரசிகர்கள் ரத்ததானம் செய்து அதில் கிடைத்த பணத்தைக் கொடுத்தார்கள். 2008-இல் மைதானத்தைப் புதுப்பிக்கப் போதிய பணம் இல்லாதபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே வந்து கான்கிரீட் போட்டார்கள், கம்பி வளைத்தார்கள். மொத்தம் 1,40,000 மணி நேர உழைப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 2019-இல் அந்த அணி முதல்முறையாக ஜெர்மனியின் முதல் பிரிவான பண்டஸ்லிகாவுக்கு உயர்ந்தது. ஆகஸ்ட் 18 அன்று சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். அன்று ரசிகர்கள் தங்களோடு நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஏந்தி வந்தார்கள். இந்த நாளைப் பார்க்காமல் இறந்துபோன யூனியன் ரசிகர்களின் முகங்கள் அவை. அப்பா, தாத்தா, பக்கத்து இருக்கைக்காரர். ஆட்டத்துக்கு முன் அவற்றை உயர்த்திப் பிடித்தபோது மைதானம் முழுக்க முகங்களாக இருந்தது. ஆட்டத்தில் யூனியன் 4-0 என்று தோற்றது. இதை எப்போது யாரிடம் சொன்னாலும் அந்த 4-0-வையும் விடாமல் சேர்த்துச் சொல்வேன். இறந்தவர்களை அழைத்து வந்து அவர்களுக்கு ஒரு வெற்றியைக் காட்ட முடியவில்லை. ஆனாலும் அவர்கள் வந்திருந்தார்கள்.

இதைவிட ஆழமான ஒரு காட்சி அர்ஜென்டினாவில் நடந்தது. பியூனஸ் அயர்ஸை ஒட்டிய அவெல்லனேடா நகரின் ரேசிங் கிளப். 1967-இல் உலகக் கிளப்புகளின் பட்டத்தையே வென்ற அணி. பிறகு சரிவு. 1983-இல் தரமிறக்கம். 1999 மார்ச்சில் கடன் முற்றி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகி செய்தியாளர்கள் முன் வந்து ரேசிங் கிளப் இனி இல்லை என்று அறிவித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 7, ஆட்டம் நடத்த அனுமதி இல்லை. அன்று ரசிகர்கள் ஆட்டமே இல்லாத மைதானத்துக்கு வந்து அதை நிரப்பினார்கள். பாடினார்கள், கொடி அசைத்தார்கள். களத்தில் ஒருவரும் இல்லை. கோல் இல்லை, எதிரணி இல்லை, வெல்ல எதுவும் இல்லை. இன்றுவரை அந்தத் தேதியை ரேசிங் ரசிகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ரேசிங் பிழைத்தது. 2001 டிசம்பர் 27 அன்று, 35 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. நாடே பொருளாதாரத்தில் நொறுங்கி, அதிபர் பதவி விலகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வேலஸ் அணியின் மைதானத்தில் 1-1 என்ற சமநிலை பட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் தங்கள் சொந்த மைதானத்தை நிரப்பித் திரையில் பார்த்தார்கள். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு மைதானங்கள் நிரம்பின. பட்டம் வென்ற நாளைப் பெரிய நாள் என்று உலகம் சொல்லும். அந்தக் கிளப்போ ரசிகர் தினம் என்று தேர்ந்தெடுத்தது காலியான களத்தைப் பார்த்துப் பாடிய நாளை. நீங்கள் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான பதிலை என்னால் எழுத முடியாது.

ஆனால் ஒன்று. விசுவாசம் என்றால் எதையும் கேள்வி கேட்காமல் வாயை மூடிக்கொண்டு டிக்கெட் வாங்குவது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தின் பிளாக்பூல் கிளப்பின் ரசிகர்கள் தங்கள் உரிமையாளர்களை எதிர்த்துப் பல ஆண்டுகள் மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. ஒவ்வோர் ஆட்ட நாளிலும் வெளியே நின்றார்கள், அல்லது வீட்டில் இருந்து தவித்தார்கள். உள்ளே போகாமல் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது இன்னொரு ரசிகருக்குத்தான் புரியும். 2019-இல் உரிமையாளர்கள் அகற்றப்பட்ட பிறகு, மார்ச் 9 அன்று 15,000-க்கும் மேற்பட்டோர் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப்புடைய ரசிகர்களின் கதை இன்னும் கடினமானது. 1988-இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப்பை 2002-இல் வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, அவர்கள் அதன் பின்னால் போகவில்லை. சில வாரங்களில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். பொது வெளியில் திறந்த தேர்வு வைத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள், ஒன்பதாம் நிலையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒன்பதே சீசன்களில், 2011-இல், தொழில்முறை லீக்குக்குத் திரும்பினார்கள். 2020-இல் பிளவ் லேன் என்ற தங்கள் பழைய முகவரிக்கே, புதிய மைதானத்தோடு வந்துசேர்ந்தார்கள். லீக்கில் இருந்த இடம் அவர்களிடம் இல்லை, ஆட்டக்காரர்கள் இல்லை, களம் இல்லை. ஆனாலும் கிளப் அவர்களிடம்தான் இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இனி உங்கள் நண்பர்களின் கேலிக்கு வருகிறேன். 1976-இல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அது அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது அல்ல. என்றாலும் மனிதர்கள் ஒன்றுதான். தங்கள் பல்கலைக்கழக அணி வென்ற வார இறுதிக்குப் பிறகு வரும் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் அதன் பெயர் பொறித்த உடைகளை அதிகமாக அணிந்து வந்தார்கள். தொலைபேசியில் விசாரித்தபோது, வென்ற ஆட்டத்தைப் பற்றி "நாம் ஜெயித்தோம்" என்றும் தோற்ற ஆட்டத்தைப் பற்றி "அவர்கள் தோற்றார்கள்" என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது.

அந்த ஆய்வைப் படித்ததிலிருந்து என்னையே கவனித்து வருகிறேன். யாரையும் எடைபோட நான் வைத்திருக்கும் ஒரே கல்லும் இதுதான். எத்தனை சட்டைகள் வைத்திருக்கிறார், எத்தனை ஆண்டுகள் ஆதரிக்கிறார் என்று கேட்பதில்லை. தோற்ற மறுநாள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று பார்ப்பேன். "நாம் தோற்றோம்" என்று சொல்பவர் எந்த அணியை ஆதரித்தாலும் என் உறவினர். உங்கள் நண்பர்கள் வெல்லும் அணியை ஆதரிப்பதில் தவறில்லை. அந்த அணிகளும் ஒருநாள் சரியும். அன்று அவர்கள் சொல்லும் சொல்லை நீங்களும் கேட்பீர்கள், அவர்களும் கேட்பார்கள்.

வெல்லும் அணிகள் என்றால் இன்று எல்லோரும் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று மான்செஸ்டர் சிட்டி. அவர்களுடைய மூத்த ரசிகர்களைக் கேட்டால் 1999 மே 30-ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வரலாற்றில் முதல்முறையாக மூன்றாம் பிரிவில் ஆடிய சீசன் அது. அந்தப் பிரிவிலும் அவர்களுடைய மைதானத்துக்குச் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், மேல் பிரிவுக்கு யார் உயர்வது என்று முடிவுசெய்யும் பிளே ஆஃப் இறுதிப்போட்டி, எதிரணி கில்லிங்ஹாம். 87-ஆவது நிமிடத்தில் 2-0 என்று பின்தங்கினார்கள். நான்கு நாட்களுக்கு முன்தான் அதே நகரின் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது, அதை நினைத்துக்கொண்டே பலர் எழுந்து வெளியே நடந்தார்கள். 90-ஆவது நிமிடத்தில் ஹார்லாக் ஒரு கோல். கூடுதலாகக் கொடுத்த நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் பால் டிக்கோவ் இன்னொன்று. வெளியே போனவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தார்கள். பெனால்டியில் வென்றார்கள். 2012-இல் சிட்டியின் அகுவேரோ கடைசி மூச்சில் அடித்த கோல் லீக் பட்டத்தையே தந்தது. அதைவிட ஒரு மூன்றாம் பிரிவு ஆட்டத்தைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதை நான் கண்டிருக்கிறேன். அந்த ஆட்டத்தை மூன்று புள்ளிக்காகவோ கோப்பைக்காகவோ அவர்கள் நினைவில் வைத்திருக்கவில்லை. அன்று அந்த அணிக்காகக் கைதட்ட வேறு யாரும் இல்லை, அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

வெற்றி வந்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டிருந்தீர்கள். வெற்றி தன் சிக்கல்களோடுதான் வருகிறது. 2021 அக்டோபரில் சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதி நியூகாசிலின் 80 விழுக்காட்டை வாங்கியது. பதினான்கு ஆண்டுகள் கிளப்பைத் தேங்கவிட்ட நிர்வாகம் போனதில் மைதானத்தின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். நானும் மகிழ்ந்தேன், மறுக்கவில்லை. அதே வாரத்தில் அந்த நாட்டின் மனித உரிமை நிலவரத்தைப் பற்றி ஆம்னெஸ்டி அமைப்பு எழுப்பிய கேள்விகளையும் படித்தேன். அவை நியாயமான கேள்விகள். யார் பணத்தில் இந்த மகிழ்ச்சி என்பதை மறந்துவிட்டுக் கொண்டாட எனக்கு முடியவில்லை, இனியும் முடியாது. அதற்காக அணியைத் துறக்கவும் முடியவில்லை. உரிமையாளருக்காக நான் இந்த அணியை விரும்பத் தொடங்கவில்லை, முந்தைய உரிமையாளர் காலத்திலும் அவருக்காக நான் தங்கவில்லை. ஆகவே இந்த இரண்டையும் ஒன்றாகச் சுமக்கிறேன். கேள்வி எழும்போது அதை அடக்காமல் பேசுகிறேன். உங்கள் அணிக்கும் ஒருநாள் பணக்கார உரிமையாளர் வரலாம். அன்று யாராவது வந்து, கேள்வி கேட்பவன் ரசிகனே அல்ல என்று சொன்னால், பிளாக்பூலை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றியோடு வரும் மற்றொன்று கூட்டம். புதிய முகங்கள், புதிய சட்டைகள். பழைய ரசிகர்களில் பலருக்கு இது பொறுப்பதில்லை. குளம் வற்றியபோது எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. 1996-இல் என்னோடு சேர்ந்து இந்த அணியை ஆதரிக்கத் தொடங்கிய நண்பன் ஒருவன் உண்டு. 2009 தரமிறக்கத்தோடு விலகிவிட்டான். "போதும், இனி என்னால் முடியாது" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு நாங்கள் கால்பந்தைப் பற்றிப் பேசவே இல்லை. அணி 2023-இல் நான்காம் இடம் பிடித்து ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனபோதும் அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை.

2025 மார்ச் 16. லீக் கோப்பை இறுதிப்போட்டி, வெம்ப்ளி, எதிரே லிவர்பூல். இடைவேளைக்குச் சற்று முன் ஒரு கார்னர். டான் பர்ன் பின்னால் இருந்து நகர்ந்து வந்து தலையால் முட்டினார். நியூகாசிலுக்குப் பக்கத்து ஊரான பிளைத்தில் வளர்ந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது இந்தக் கிளப்பின் பயிற்சிப் பள்ளியே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பல அணிகள் சுற்றி, இருபத்தொன்பது வயதில் திரும்பி வந்தவர். எழுபது ஆண்டு வறட்சியை உடைக்கும் கோலை அடிக்க ஒருவரை ரசிகர்கள் கூடித் தேர்ந்தெடுத்திருந்தால் இவரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இடைவேளைக்குப் பின் அலெக்சாண்டர் இசாக் இரண்டாவது கோல் அடித்தார். கடைசியில் லிவர்பூல் ஒன்று திருப்பியது. மீதி இருந்த நிமிடங்களில் நான் திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 2-1.

விசில் ஊதியபோது மகிழ்ச்சி முதலில் வரவில்லை. ஒரு பெரிய அமைதி வந்தது. பிறகு அழுதேன். அந்த அழுகையில் கோப்பை கொஞ்சம்தான் இருந்தது. கீகன் தலை சாய்த்து நின்றது, 2009-இல் வீரர்கள் புல்லில் உட்கார்ந்திருந்தது, 2016-இல் தரமிறங்கிய சீசனின் கடைசி நாளில் பாடிய அந்த மக்கள், எல்லாம் இருந்தன. முந்தைய ஆண்டுகளை அந்தக் கோப்பை அழிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அவற்றோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. பதினாறு ஆண்டுகளாகக் கால்பந்து பேசாத நண்பன்.

"ஜெயித்துவிட்டீர்கள்" என்றான்.

எங்களுக்குள் எப்போதும் நீ, வா, போதான். அந்தப் பன்மை எனக்கான மரியாதை அல்ல என்று புரிந்தது. நீங்கள் எல்லோரும், நான் இல்லாத நீங்கள். அவன் குரல் தழுதழுத்தது. ஆட்டத்தை முழுவதும் பார்த்திருக்கிறான். பதினாறு ஆண்டுகளும் மறைவில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று பிறகு சொன்னான். அப்போது என் வாயில் இரண்டு சொற்கள் இருந்தன. "ஆமாம், நாங்கள் ஜெயித்துவிட்டோம்" என்று சொல்லியிருந்தால் அது உண்மைதான், நியாயமும்தான். அந்த 'நாங்கள்' ஒரு கதவை அவன் முகத்தில் சாத்தியிருக்கும்.

"நாம் ஜெயித்துவிட்டோம்" என்றேன்.

மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை.

விலகிப்போனவர்களை இனி நான் பழிப்பதில்லை. சிலரால் வலியைத் தாங்க முடிகிறது, சிலரால் முடிவதில்லை. எவ்வளவு பிரியம் இருக்கிறது என்பதற்கு அது அளவு அல்ல. உங்கள் அணி மேலே வரும் நாளில் உங்களைக் கேலி செய்த அதே நண்பர்களில் ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரலாம். உங்களிடமும் அந்த இரண்டு சொற்களும் இருக்கும்.

இசாக்கைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். அந்தக் கோலை அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2025 செப்டம்பர் 1 அன்று 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்கே போய்விட்டார். ஆட்டக்காரர்கள் போவார்கள், அது அவர்கள் தொழில், அவர்கள் ஆயுளில் ஓடும் ஆண்டுகள் குறைவு. அந்த கோல் எங்களிடம்தான் இருக்கிறது.

வெற்றிக்குப் பிறகு ஆசை தணிந்துவிடுமா, அணி பழைய அணியாகவே இருக்குமா என்று உங்கள் கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கோப்பைக்குப் பதினேழு நாள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, சொந்த மைதானத்தில் பிரென்ட்ஃபோர்டுடன் ஒரு சாதாரண லீக் ஆட்டம். எழுபது ஆண்டுக் கனவு நிறைவேறிவிட்டது, இனி எது நடந்தாலும் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். இரண்டாம் பாதியில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, கோல் ஆனது. என் வயிற்றில் அதே பழைய முடிச்சு விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன். நண்பனிடமிருந்து உடனே ஒரு குறுஞ்செய்தி வந்தது: "நாம் இதைத் தோற்றுவிடப் போகிறோம்."